ஓட்டுநர் பார்க்காத அரண்மனை

சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு எந்த ஊரும் முதலில் வண்டி நிறுத்துமிடம்தான். மலையோ, கடலோ, அருவியோ, அவர்கள் நினைவில் நிற்பது ஒரு மரநிழல், ஒரு டீக்கடை, ஒரு குழாயடி. இந்த ஓட்டுநருக்கு அந்தப் பழைய அரச நகரமும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாரந்தோறும் அங்கே பயணிகளை ஏற்றிச் செல்கிறார். குதிரைமேல் அமர்ந்திருக்கும் அரசர் சிலையை எந்தக் கியரில் சுற்றித் திரும்ப வேண்டும், எந்த வளைவு வாசல் பேருந்தின் கூரையைத் தட்டும், எந்தத் தெருவில் பழைய விளக்குக் கம்பம் சாலைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், எல்லாம் அத்துப்படி. அரண்மனைக்குள் மட்டும் போனதில்லை.

காரணம் தூக்கம். விடிவதற்கு முன்பே வண்டியை எடுப்பவர் அவர். பயணிகள் அரண்மனைக்குள் போனதிலிருந்து திரும்பி வரும்வரை கிடைப்பதுதான் அவருக்கு உறக்கம். அது சலுகை இல்லை, கம்பெனி உத்தரவு. திரும்பும் வழி மலைப்பாதை. தூங்காத ஓட்டுநரை நம்பி வண்டியை யார் அனுப்புவார்கள்? கடைசி நீள இருக்கையில் காலை நீட்டிப் படுத்தால், நிமிடத்தில் குறட்டை.

"ராஜா பள்ளிகொண்டாச்சு. சத்தம் போடாம சீட்ட இறக்குங்கப்பா" என்பார்கள் மரத்தடியில் சீட்டாடும் மற்ற ஓட்டுநர்கள். 'ராஜா' என்ற பெயர் அப்படி ஒட்டியதுதான்.

அவர் மனைவிக்கு வேலை சட்டை தைக்கும் தொழிற்சாலையில், காலர் பிரிவில். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிறு மாலை கேட்டாள்.

"அரண்மனை உள்ள எப்படிங்க இருக்கும்?"

தூங்கிவிட்டேன் என்று சொல்லப் புது மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை. அன்று மதியம் கனவில் ஒரு தர்பார் மண்டபம் வந்திருந்தது. அதையே சொன்னார். நீளமான மண்டபம். இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு வெல்வெட் திரை, ஓரத்தில் பொன்னிறக் குஞ்சம். நடுவே ஒரு ஆள் நடக்கிற வழி. அந்தக் கோடியில் இந்தச் சுவரில் தொடங்கி அந்தச் சுவர்வரை நீளும் சிம்மாசனம்.

"அவ்ளோ பெரிசா? ராஜா ஒருத்தர்தானே?"

"படுத்துக்கிட்டே தீர்ப்பு சொல்வாராம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அடுத்த வாரமும் ஒரு கனவு தேவைப்பட்டது. அதுவும் வந்தது. தரை இடைவிடாமல் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும் ஓர் அறை. அதில் நின்றால் பாதம் வழியாகத் தூக்கம் ஏறும். தேன் நிறத்தில் விளக்குகள் வரிசையாக எரியும் ஒரு கூரை. எல்லோருக்கும் முன்னால் மாட்டிய ஓர் அகலக் கண்ணாடி. அரசர் திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருப்பவர்கள் முகத்தையெல்லாம் அதில் பார்த்துவிடுவார். தூக்கத்தில் கண்டதைக் கண்டபடிதான் சொன்னார். ஆகவே அது பொய்யில் சேருமா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அவள் அந்த அறைகளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனாள். மதிய இடைவேளையில் இயந்திரங்கள் ஓய்ந்ததும் காலர் பிரிவுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். "அக்கா, இந்த வாரம் எந்த ரூம்?" என்பார்கள். பட்டன் பிரிவிலிருந்துகூட ஆள் வரும். லைன் சூப்பர்வைசர் அம்மாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அந்த அம்மாள் ஒரு தையல் பிசகினாலே நூலைப் பிரித்துக் கையில் கொடுக்கிற ரகம்.

தொழிற்சாலையின் வருடாந்தரச் சுற்றுலாப் பேச்சு வந்தபோது அந்த அம்மாள்தான் முடிவைச் சொன்னாள்: "இவ வீட்டுக்காரர் வண்டியிலயே அரண்மனைக்குப் போவோம். படுத்துக்கிட்டே தீர்ப்பு சொல்ற சிம்மாசனத்த நானும் ஒருதரம் பார்த்துடறேன். இல்லாட்டி இவ வாய்ப்பந்தல தினம் கேட்டே என் காலம் போயிடும்."

விஷயம் வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் ஊரை மாற்றப் பார்த்தார்.

"அங்க கூட்டம் ஜாஸ்தி. அருவிக்குப் போலாமே?"

"அருவில தண்ணிதான் இருக்கும். நான் என்ன கண்ணாடி அறை, அதிர்ற அறைன்னு தண்ணியப் பத்தியா சொல்லி வச்சிருக்கேன்?"

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வாரம் முழுக்கச் சொல்லிவிட நினைத்து வாயைத் திறந்தார். ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ கேட்டு மூடிக்கொண்டார். காலர் பிரிவே அவளைக் கேலி செய்யும். அதைக்கூடத் துடைத்துப் போட்டுவிடலாம். இனி அவர் எதைச் சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை. அந்தப் பயம்தான் அவர் வாயை அடைத்துப்போட்டது.

அவருடைய பேருந்தில் அவள் ஏறியதே இல்லை. அவளுக்கு ஞாயிறன்றுதான் விடுமுறை. ஞாயிறன்றுதான் அவருக்கு வேலை. சுற்றுலா ஞாயிறன்றுதான் முதல் தடவையாகப் படியேறி உள்ளே வந்தாள். ஏறியவள் அப்படியே நின்றாள். பின்னாலிருந்து "நகரு அக்கா" என்று இடித்தார்கள்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் இரண்டு பக்க ஜன்னல்கள்மேலும் ஊர்ந்தது. சிவப்பு வெல்வெட் திரைகள். பொன்னிறக் குஞ்சம். கூரையில் தேன் நிற விளக்குகள். காலடியில் எஞ்சின் அதிர்வு. கடைசியில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நீண்ட இருக்கை. பிறகு அவள் நிமிர்ந்து, எல்லோருக்கும் முன்னால் மாட்டியிருந்த அந்த அகலக் கண்ணாடியைப் பார்த்தாள். அதற்குள் அவர் முகம். முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு திரையின் குஞ்சத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அவர் பக்கமாக வந்தாள்.

"தர்பார் நல்லா இருக்குங்க. மெத்தைதான் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு."

"நான் சொல்லிடணும்னு…"

"இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். உள்ள காலே வச்சதில்லையா?"

"தூங்கிடுவேன்."

"எல்லா வாரமுமா?"

அவர் தலையாட்டினார்.

"சரி, அவங்க முன்னாடி வாயத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபமா, அழுகையா, குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

அரண்மனை வாசலில் பெண்கள் இறங்கினார்கள். சூப்பர்வைசர் அம்மாள் முன்னால் நடக்க, அவர் மனைவி கடைசியாகப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. படுத்தார், எழுந்தார். இறங்கிப் பேருந்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். ஏற்கெனவே தட்டியதையும் தட்டினார்.

"என்ன ராஜா, அந்தப்புரத்துல சண்டையா?" என்றான் சீட்டாட்டத்திலிருந்து ஒருவன். அவர் அடுத்த டயரைத் தட்டப் போய்விட்டதால் விளையாட்டு கொஞ்சம் சுரத்துக் குறைந்தே நடந்தது.

வெயில் தணிந்தபோது பெண்கள் சளசளவென்று திரும்பினார்கள். சூப்பர்வைசர் அம்மாள் அவரிடம் நேராக வந்தாள்.

"ஏம்ப்பா, பாதி அரண்மனையப் பூட்டி வச்சிருக்காங்களே? நீ பார்த்த தர்பாரு, அதிர்ற அறை எல்லாம் அந்தப் பக்கமாம். உன் வீட்டுக்காரிதான் சொன்னா. வாராவாரம் வர்ற டிரைவருங்களுக்கு மட்டும் ஒருகாலத்துல தெறந்து காட்டுவாங்களாமே?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மும்முரமாக ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைக் கைபிடித்துப் படியேற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்கம்மா. ஒருகாலத்துல" என்றார்.

"அதானே. பூட்டின கதவப் பார்க்கவே அம்சமா இருந்துச்சு. உள்ள எப்படி இருக்கும்" என்று அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். காலர் பிரிவில் மானம் கப்பலேறவில்லை.

வீட்டில் வேறு கதை. பேச்சு வேண்டிய அளவுக்கு மட்டும் இருந்தது. சாவி எங்கே, தண்ணீர் வந்ததா, அவ்வளவே. வாரக் கடைசியில் ஒரு மாலை, காலர் ஒன்றை மடியில் வைத்துத் தையல் பிரித்துக்கொண்டே, அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"மேல முழுக்கக் கலர் கண்ணாடி போட்ட கூரை ஒண்ணு. அதுக்குக் கீழ நின்னா கையெல்லாம் நீலமாயிடுது. கொஞ்சம் நகர்ந்தா பச்சை."

அவர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ராஜா வீட்டுப் பசங்களுக்குச் செஞ்ச குட்டிக் குதிரை வண்டி. நம்ம வீட்டுக் கதவுக்குள்ள நுழையும். அப்புறம் ஒரு வளைஞ்ச படி. கீழ இருந்து பார்த்தா சங்குக்குள்ள ஏறுற மாதிரி இருக்கும். அந்தப் படி பக்கத்துல ஒரு சின்ன ஜன்னல். குனிஞ்சு பார்த்தேன். பஸ் தெரிஞ்சுது."

"எந்த பஸ்?"

"நம்ம பஸ்தான். நீங்க தூங்கல. டயர உதைச்சுக்கிட்டே சுத்திச் சுத்தி வந்தீங்க. அப்புறம் நின்னு சட்டை முனையால முகத்தத் துடைச்சீங்க. அதப் பார்த்துட்டுத்தான் அந்தம்மாகிட்ட பூட்டின கதவக் காட்டினேன்."

முகம் துடைத்ததை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, கொஞ்ச நேரம் தூங்கி எழுந்து, பேருந்தைப் பக்கத்து வண்டிக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வரிசையில் போய் நின்றார். காக்கி உடுப்போடு நின்றவரைப் பார்த்து, வழிகாட்டி என்று நினைத்து ஒரு குடும்பம் பின்னாலேயே வந்தது. கண்ணாடிக் கூரை இருந்தது. அதன்கீழே அவர் காக்கிச் சட்டை முதலில் நீலமாகி, ஓரடி நகர்ந்ததும் பச்சையானது. அங்கேயே நெடுநேரம் நின்றார். எழுந்துதான் வந்தோமா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. குட்டிக் குதிரை வண்டி இருந்தது. சங்குபோல் வளைந்த படி இருந்தது. கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஏறினார். பக்கத்தில் வெறும் சுவர். மற்ற ஜன்னல்களில் எல்லாம் குனிந்து பார்த்தார். தோட்டம், நீரூற்று, புறாக்கள். வண்டி நிறுத்துமிடம் மரங்களுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது.

மாலையில் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஜன்னல் இல்லையே."

"மத்ததெல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் சொன்ன மாதிரியே?"

"நீ சொன்ன மாதிரியே."

"அப்ப ஜன்னலும் இருக்கும்" என்றாள் அவள். "அடுத்த வாரம் நல்லா குனிஞ்சு பாருங்க."

அவர் இப்போது வாராவாரம் உள்ளே போகிறார்.