சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம்

எங்கள் பழைய கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்னால் இடப்பக்கம் ‘கடக்’ என்று சத்தம் வந்தது. அங்கே உட்காரும் என் மனைவிதான் முதலில் சொன்னாள்.

“காலுக்குக் கீழ இன்னாமோ தட்டுதுங்க. மெக்கானிக்காண்ட காட்டிட்டுப் போலாம்.”

“டிக்கியில ஜாக்கி ஆடுது, வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

கல்வராயன் மலைக்குக் கிளம்பிய காலையில், குனிந்து சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். சத்தம் வந்த பக்கத்துச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மலை வளைவில் அந்தச் சக்கரம் மடங்கி, அவள் பக்கம் பாறையில் மோதியது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் கையைப் பிடித்தபடி போய்விட்டாள்.

சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் தேய்ந்து கழன்றுவிட்டதாம். “ஜாக்கி போட்டு ஆட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்ணா” என்றார் மெக்கானிக்.

இப்போது அப்படி ஆட்டிப் பார்க்காமல் காரை எடுப்பதில்லை. ஆளில்லாத இடப்பக்கத்தை மட்டும் இரண்டு முறை பார்க்கிறேன்.