ஆணி அடித்த பஸ்

சவுதியில் ஒரு மரச்சாமான் கம்பெனியில் பல வருஷம் மெஷினில் நின்ற மரியஜான், ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு ஸ்க்ரோல் சா, மரம் அறுக்கும் மெஷின், வாங்கினார். நூல் மாதிரி மெல்லிய வாள் மேலும் கீழும் துடிக்க, ரப்பர் மரப் பலகையை அவர் திருப்பித் திருப்பிக் கொடுப்பார். சற்று நேரத்தில் யானையோ படகோ பலகையை விட்டுக் கழன்று வரும். குழித்துறைக்குப் பக்கத்தில், கார் வாங்கும் எண்ணத்தில் கட்டிய ஷெட்டில்தான் வேலை. கார் வரவில்லை.

கோயில் திருவிழாவில் கடை போட்டால், பொம்மையைக் கவிழ்த்துப் பிடித்துக் காட்டுவார். "ஒரு ஆணி உண்டுமான்னு பாருங்க. எல்லாம் மரக்குச்சியாக்கும். பிள்ளைங்க வாயில வச்சாலும் பயப்படாண்டாம்."

அந்தப் பேச்சை நம்பித்தான் தக்கலையில் ஒரு நர்சரி பள்ளிக்கூடம் ஆண்டு விழாவுக்குப் பஸ் பொம்மைகள் கேட்டது. பெருமையில் ஒத்துக்கொண்டார். அந்த வாரம் பார்த்துக் கரண்ட் சரியாக நிற்கவில்லை. சக்கரத்துக்கு மரக்குச்சி சீவி, துளை போட்டு, பசை காயும்வரை காத்திருக்க நேரமில்லை. ஆணி அடித்தார். ஆணித் தலை தெரியாமல் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, தேய்த்து, மேலே பெயின்ட் பூசினார். மனைவி கிரேசியிடம்கூடச் சொல்லவில்லை. மீந்த ஒரு பஸ்ஸை எதிர்வீட்டுக் குழந்தை ஆன்றோவுக்குத் தன் கையாலேயே கொடுத்தார்.

ஆன்றோவுக்குப் பல் முளைக்கிற பருவம். பஸ்ஸைக் கடித்து இழுத்ததில் சக்கரம் கழன்று, ஆணி உதட்டின் உள்பக்கத்தைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

மறுநாள் குழந்தையின் அம்மா பெபிஷா பஸ்ஸோடு ஷெட்டுக்கு வந்தாள். பின்னால் அவள் கணவன் ஷிபு. ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவன்.

"இதப் பாருங்க மாமா, இவியளுக்க வேலையாக்கும். வீல் கழண்டா உங்ககிட்ட கொண்டு வராம ஆணிய அடிச்சு வச்சிருக்காவ," என்று கணவனைக் காட்டினாள்.

"நான் தொடவே இல்லட்டி," என்றான் ஷிபு.

"பின்ன மாமாவா அடிச்சாவ? ஒரு ஆணி வைக்காத மனுஷன்!"

மரியஜான் வாயைத் திறந்தார். "வச்சிட்டுப் போ மக்கா, செரியாக்கித் தாறேன்" என்றுதான் வந்தது. ஷிபு அவரை ஒரு பார்வை பார்த்தான். அவர் குனிந்து கீழே எதையோ தேடுவதுபோல் மரத்தூளைக் கிளறினார். ஷிபு திரும்பி வீட்டுக்கு நடந்தான்.

ஆணியைப் பிடுங்கி, மரக்குச்சி வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விஷயம் அதோடு முடியவில்லை. டீக்கடையில் ஷிபுவை 'ஆணி மாப்பிள்ளை' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பெபிஷாவின் அம்மா வந்து, "பெத்த பிள்ளைக்க வாயில ஆணியக் குத்த வச்சுட்டியே" என்று முற்றத்தில் நின்று ஏசினாள். ஷிபு குழாயடியில் குழந்தையின் துணியை அலசிக்கொண்டே இருந்தான். எதிரே ஷெட்டில் இருந்த மரியஜானுக்குக் காது சுட்டது.

சோறு வைக்கும்போது கிரேசி சொன்னாள்: "ஷிபு அப்பிடி அசட்டையா செய்யக்கூடிய ஆளா? எனக்கு நம்ப முடியல்ல."

கையில் எடுத்த உருண்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டு அவர் எல்லாவற்றையும் சொன்னார். கிரேசி ஏசவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அங்க போயி சொல்லுங்க," என்றாள்.

கையைக் கழுவிவிட்டு அப்படியே எதிர்வீட்டுக்குப் போனார். ஷிபுவின் மாமியாரும் இருந்தாள். "ஆணி வச்சது நானாக்கும். ஷிபு இல்ல," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று.

ஷிபுதான் முதலில் பேசினான். "எனக்குத் தெரியும் மாமா. நான் அடிக்காத ஆணிய பின்ன ஆரு அடிச்சிருப்பாவ? நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன்." அதில் கோபமே இல்லை. அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது மரியஜானுக்கு.

பெபிஷா, "அன்னைக்கே சொல்லப்பிடாதா மாமா?" என்று மட்டும் கேட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு தக்கலைக்குப் போய், பள்ளிக்கூடத்தில் சொல்லி, வீடு வீடாக ஏறிப் பஸ்களைத் திரும்ப வாங்கினார். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் சின்னப் பெண் விடமாட்டேன் என்று அழ, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கும்படி ஆயிற்று. "பெரிய பேச்சு பேசினியளே!" என்றார் அவளுடைய அப்பா. எல்லாவற்றிலும் ஆணியை மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர் கதவருகிலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மெஷின் இப்போதும் ஓடுகிறது. பெபிஷா கிரேசியிடம் பழையபடி பேசுகிறாள். அவர் வந்தால் ஆன்றோவைக் கீழே இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறாள். அதை அவரால் தாங்கிக்கொள்ள முடிகிறது. வேலை முடிந்து பைக்கில் வருகிற ஷிபு, ஷெட்டைத் தாண்டும்போது எப்போதும்போலக் கையைத் தூக்குகிறான். பதிலுக்குக் கை தூக்கத்தான் மரியஜானுக்கு இன்னும் முகமில்லை.