ஆணிகள் எண்களாக மாறிய நாள்

எங்கள் தெருக் கணினிக்காரி கோப்பைத் திறக்காமலேயே எந்த வரியில் கோளாறு என்று மோந்து பார்த்துச் சொல்லிவிடுவாள். சரி, கொஞ்சம் ஊதித்தான் விட்டேன். திறந்த பிறகுதான் சொல்வாள். மூக்குக் கண்ணாடியும் வேண்டும்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து கடைகளுக்குப் பொருள் பட்டியல் தயாரிப்பது அவள் பிழைப்பு. பட்டியல் எக்ஸ்எம்எல் என்ற கணினிக் கோப்பு வடிவில் அச்சகத்துக்குப் போகும். அச்சக இயந்திரமோ கிழம். தமிழை நேராகக் கொடுத்தால் கட்டம் கட்டமாகத் துப்பும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் கணினிகள் அதற்கு வைத்திருக்கும் யூனிகோட் எண்ணாக மாற்றித் தருவாள். &#2949; என்று கொடுத்தால் கிழம் சமர்த்தாக ‘அ’ அச்சடிக்கும்.

அன்று இரும்புக்கடைப் பட்டியல். பன்னிரண்டு மணிக்குள் ஒழுங்காக வராவிட்டால் இனி வேலை வேறு ஆளுக்கு என்று கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். பட்டியலை முடித்துவிட்டு அவள் குளிக்கப் போனாள். வெளியே வந்தபோது கணவர், “அனுப்பிட்டேன்” என்றார் பெருமையாக.

பதினொன்றே முக்காலுக்கு அச்சகக்காரர் போனில் அலறினார். “அக்கா, ஆணி எங்கக்கா? பக்கம் பூரா நம்பரா கிடக்கு!”

அவள் திரும்பினாள். கணவரின் முகத்தைச் செய்தித்தாள் மறைத்துக்கொண்டது.

“என்னங்க, கோப்பைத் தொட்டீங்களா?”

“சும்மா திருத்தினேன். வெறும் & இருந்தா கோப்பு படுத்துடும், &amp; போடணும்னு நீதானே சொன்ன? ஒரே சொடுக்குல எல்லாத்தையும் மாத்திட்டேன்.”

“அது ‘சுத்தியல் & உளி’னு பேர்ல வர்றதுக்கு! எண்ணுக்கு முன்னாடி நிக்கிறதையும் மாத்தினா, இயந்திரம் எழுத்தை விட்டுட்டு எண்ணையே அடிச்சுத் தள்ளாதா?”

“எத்தனை இடம்?”

“நாற்பத்தோராயிரம்!”

“அடேயப்பா, அவ்வளவு உழைச்சிருக்கேனா!”

அவள் முறைத்தபடியே விசைப்பலகையை இழுத்தாள். &amp;# என்று சேர்ந்து வரும் இடங்களை மட்டும் &# ஆக்கச் சொன்னாள். சுத்தியலுக்கும் உளிக்கும் நடுவில் இருந்த குறிக்குப் பின்னால் # இல்லை, அது பிழைத்தது. பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் கோப்பு போனது. ஆணிகள் ஆணிகளாகவே அச்சாயின. அடுத்த பட்டியலும் அவளுக்கே வந்தது.

பதின்மூன்றே நிமிடத்தில் நாற்பத்தோராயிரம் பிழைகளைத் திருத்திய இன்னொருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று எதிர்வீட்டுக் கிழவியான நான் தெருக்காரர்களிடம் சவால் விட்டபோது, பக்கத்தில் இருந்த கணவர் தொண்டையைக் கனைத்தார்.

“பெரியம்மா, திருத்தினது ஒரு நிமிஷம்தான். மிச்சம் பன்னிரண்டும் என்னைத் திட்டினா.”