கட்டைவிரலைக் கேட்டுப் பிடுங்கிய பல்

எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். அங்கே பல் வலியென்று வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும்போதே "ஐயோ அம்மா" என்று ஊரைக் கூட்டிவிடுவார்கள். எங்கே வலிக்கிறது என்று நான் கேட்கவே வேண்டாம். மேட்டுப்பாளையம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பல் டாக்டராக வந்த பிறகுதான், மரியாதை வைத்தியத்துக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று தெரிந்தது.

கோயம்புத்தூரில் கிளினிக் வைத்திருக்கும் தோழிகள், "அங்க போய்ப் பல்லப் பிடுங்கிட்டு இருக்கறதுல உனக்கு என்னடி திருப்தி?" என்பார்கள். முதல் வருஷம் முழுக்கப் பதில் தெரியாமல் முழித்தேன்.

ஒரு நாள் காலை பாக்குத் தோப்புக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. அந்த நிலையிலும் கைகூப்பி, "நல்லா இருக்கீங்களா டாக்டரம்மா?" என்று என்னை நலம் விசாரித்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், கீழே வலப்பக்கம் மிச்சம் இருந்ததே இரண்டு கடைவாய்ப் பற்கள்தான். இரண்டிலும் சொத்தை. சீழ் பிடித்ததை எடுத்தே ஆக வேண்டும், மற்றதை அடைத்துக் காப்பாற்றிவிடலாம். தப்பானதைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பக்கம் மனிதர் ஆயுசுக்கும் மெல்ல முடியாது. எக்ஸ்ரே மெஷினோ அந்த வாரம் பார்த்துப் படுத்துவிட்டது.

வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் காம்பால் முதல் பல்லைத் தட்டினேன். "வலிக்குதுங்களா?"

"இல்லீங்க."

அடுத்ததைத் தட்டினேன்.

"பரவாயில்லீங்க அம்மணி, நீங்க பாருங்க."

இரண்டுக்கும் ஒரே சிரிப்பு. எனக்கு வியர்த்துவிட்டது, கோபமும் வந்துவிட்டது. "ஐயா, வலிக்குதுன்னு சொன்னா நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்!"

"உங்க கைராசிக்கு எப்படிங்க வலிக்கும்?" என்றார்.

வாசலில் நின்ற மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, நோவுதுன்னு சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்து போயிருமா?" என்று அவரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "அவரு வாயக் கேக்காதீங்க அம்மணி. முப்பது வருசமா நானே கேக்கறதில்ல. கால் கட்டைவெரலப் பாருங்க. நோவுனா மடங்கும்."

வேறு வழி? அந்த அம்மா அவர் காலருகே குனிந்து நின்றுகொள்ள, நான் மறுபடி தட்டினேன். முதல் பல்லுக்கு விரல் அசையவில்லை. இரண்டாவதைத் தொட்டேனோ இல்லையோ, "மடங்குது! மடங்குது!" என்று கத்தினார். சந்தேகத்துக்கு இன்னொரு தரம் தட்டினேன். மறுபடியும் மடங்கியது. மேலே மனிதர் அதே சிரிப்போடு இருந்தார்.

ஊசி போட்டு, மரத்துவிட்டதா என்பதையும் விரலிடமே விசாரித்துக்கொண்டு பல்லை எடுத்தேன். வேர் நுனியில் சீழ்ப்பை தொங்கியது. சரியான பல்! எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அந்தக் கட்டைவிரலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். இந்த வேலையை விட்டு எங்கும் போவதில்லை என்று அப்போதே தோன்றிவிட்டது.

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி, "இப்ப எப்படி இருக்குதுங்க?" என்றேன்.

வழக்கமான "பரவாயில்லீங்க"வுக்கு வாயைத் திறந்தவருக்கு அது வரவில்லை. "தூங்கி நாலு நாளாச்சுங்க அம்மணி" என்று பஞ்சுக்கு நடுவே சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். இப்போது அதட்டவில்லை.

"தெரியுமுங்க. நானுந்தான் தூங்குல" என்றார்.

மாத்திரையைக் கொடுத்து, இருவரையும் வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னேன்.