நெஞ்சைத் தரையில் வைத்துச் சுடுவது

மகப்பேறு விடுப்பு முடிந்து காவலர் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே துப்பாக்கி சுடும் தேர்வு வந்தது. தேறாவிட்டால் வெளிமாவட்ட முகாமில் ஒரு மாதம் மறுபயிற்சி. குழந்தையைக் கொண்டுபோக முடியாது. மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். சோற்றைக் குழைத்து ஊட்டினால் துப்புவாள். என் பால்தான் வேண்டும் அவளுக்கு.

மாமியாரிடம் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. படுத்துச் சுட்டுப் பழகும்போது பால் கட்டி மார்பு வலிக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன்.

"மூணு நாளு மல்லிப்பூவ மாருல வச்சிக் கட்டிக்கினு போ. பால் கம்மியாவும், படுக்கத் தோதா இருக்கும்."

"அப்புறம் மறுபடி ஊறுமா அத்தை?"

"ஊறாம எங்க போவும்? நீ தோத்துட்டு முகாமுக்குப் போயிட்டா, ராவெல்லாம் இத யாரு தூக்கிக்கினு நடக்கறது?"

அவரே பூ வாங்கி வந்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். பட்டம் படித்தவள் நான். கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மூன்று நாளும் மகளுக்கு மாட்டுப் பால்.

கல்வராயன் மலையடிவாரத்தில் சுடுதளம். முந்நூறு மீட்டர் தள்ளி இலக்கு அட்டை. உடம்பைச் சற்றுச் சாய்வாகக் கிடத்தி, கால்களை அகட்டி, குதிகால்களைத் தரையில் பதிக்க வேண்டும். இடது முழங்கை துப்பாக்கிக்கு நேர் கீழே. கன்னம் ஒவ்வொரு முறையும் துப்பாக்கிக் கட்டையில் அதே இடத்தில். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்த வேண்டும். எல்லாம் தெரிந்ததுதான். பால் குறைந்திருந்தது, ஆனால் மார்பில் கட்டிகள் கரையவில்லை. வலிக்குப் பயந்து நெஞ்சைத் தூக்கியே வைத்திருந்தேன். முதல் குண்டுகள் அட்டையைத் தாண்டிப் போயின.

பயிற்சியாளர் தலைமாட்டில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, மல்லி வாசன தூக்குது? சுட வந்தியா, சாந்தி முகூர்த்தத்துக்கு வந்தியா?"

வரிசையில் படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெண்களும்தான்.

"நெஞ்ச தரைல போடு. சதைல புடிக்காத, எலும்புல தாங்கு. இன்னா, பள்ளம் தோண்டித் தரட்டுமா?"

"வேணாங்க ஐயா."

லத்தியை என் தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினார். கட்டிகள் தரையில் நசுங்கின. கண் இருண்டு தெளிந்தது. அவர் லத்தியை எடுக்கவில்லை. என்னால் அசைய முடியவில்லை, அதனால் துப்பாக்கியும் அசையவில்லை. மீதிக் குண்டுகள் எல்லாம் அட்டையில் விழுந்தன.

"பாத்தீங்களா? பொம்பளைங்களுக்கு இப்பிடித்தான் சொல்லித் தரணும்."

எழுந்து சல்யூட் அடித்தேன். நன்றி என்றும் சொன்னேன்.

கள்ளக்குறிச்சியில் வீட்டுக்குத் திரும்பியதும் துணியை அவிழ்த்தேன். பூ பழுப்பாகித் தோலோடு ஒட்டியிருந்தது. மகள் தவழ்ந்து வந்து மடியேறி வாய் வைத்தாள். உறிஞ்சினாள். விட்டாள். மறுபடி உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கடித்தாள். பிறகு வீறிட்டாள்.

"பாஸாயிட்ட இல்ல? அப்பறம் இன்னாத்துக்கு அழுவற?" என்று என்னிடம் கேட்டபடி மாமியார் புட்டியைக் கழுவப் போனார்.

தரையில் ஒருக்களித்துப் படுத்தேன். முழங்கையை ஊன்றி, மகளின் தலையை எலும்பில் தாங்கினேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக் காத்திருந்தேன். எதுவும் ஊறவில்லை.