அப்பாவின் இருமல் நின்ற நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில், அந்தமானில் பாராடாங் தீவில் நடந்தது இது. அங்கே நான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். எழுபத்தாறு வயது அப்பாவுக்குச் சளி பிடித்து ஒரு வாரமாக ஓயாத இருமல். கேட்கச் சகிக்காமல், யாரையும் கேட்காமல், இருமலை நிறுத்தும் சிரப் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் இருமல் நின்றது. எனக்குப் பெரிய நிம்மதி.

மூன்றாம் நாள் மதியம் அப்பா சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, "கப்பல் எப்ப வருது? பெட்டிய எடுத்து வை" என்றார். நாங்கள் எந்தப் பயணத்துக்கும் கிளம்பவில்லை. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சலும் இல்லை.

"வயசாயிடுச்சுல்ல, அதான்" என்றேன்.

என் மனைவி கேட்கவில்லை. அப்பாவின் நெஞ்சில் கை வைத்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு நிமோனியா வந்தது. மூச்சை எண்ணிப் பார்க்க அப்போது ஒரு நர்ஸ் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"மாமா ஒரு நிமிஷத்துக்கு முப்பத்தஞ்சு தடவ மூச்சு விடறாருங்க. இது வயசு இல்ல. கிளம்புங்க."

சுகாதார நிலையத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதாகச் சொல்லி, சிறு சிலிண்டர் ஒன்றைக் கொடுத்து, உடனே போர்ட் பிளேருக்குப் போகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியுடன் போயிருந்தது. பக்கத்து வீட்டு ஜீப்பில் விரைந்தோம். கடலை ஃபெரியில் கடந்து, அக்கரையில் பழங்குடியினர் வாழும் காட்டுப் பாதையில் போக வேண்டும்; அங்கே வண்டிகளைக் குறித்த நேரத்தில், கூட்டமாகத்தான் விடுவார்கள். அன்றைய கடைசிக் கூட்டம் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. நாங்கள் படகுத்துறையை அடைந்தபோது ஃபெரியில் வண்டிகள் ஏறும் பலகையைத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து வந்து பதினெட்டு வருடமாகியும் கடைத்தெருவில்கூட இந்தி பேசக் கூச்சப்படுகிறவள் என் மனைவி. ஜீப்பிலிருந்து குதித்து ஓடினாள்.

"பையா, ருக்கோ! பாபா கோ ஸான்ஸ் நஹீ ஆ ரஹா!"

அண்ணா நிறுத்துங்க, அப்பாவுக்கு மூச்சு வரவில்லை என்று அவள் போட்ட கத்தலில் பலகை மறுபடி இறங்கியது. ஏற்கெனவே ஏறியிருந்த ஒரு லாரியைப் பின்னால் எடுத்து எங்களுக்கு இடம் விட்டார்கள்.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்றார். மூச்சுக்குழாயில் இருக்கும் நுண்ணிய இழைகள்தான் சளியை மேலே தள்ளுமாம். வயதானால் அவற்றின் வேகம் குறைந்துவிடுமாம். பிறகு இருமல்தான் பெரிய காவல். அதைத்தான் நான் மருந்து கொடுத்து அடக்கியிருந்தேன். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், பேச்சு மட்டும் குழம்பியும் நிமோனியா வரலாம் என்றார். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன்.

"யார் கவனிச்சுக் கூட்டிட்டு வந்தது? இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தா கஷ்டம்" என்று அவர் கேட்டபோது மட்டும் நிமிர்ந்தேன்.

"என் மனைவி, சார்."

அவள் பின்னால் நின்று அப்பாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பத்து நாளில் அப்பா வீடு திரும்பினார். மருந்து பிழைக்க வைத்தது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த மருந்திடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் யார் என்பதைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் இன்றும் சொல்கிறேன். என் தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தாலும், அந்தப் பெருமையை விட்டுவிட எனக்கு மனமில்லை.