பொட்டு வைத்த படம்

யானைக்கல் பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் படத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாள் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். கிழிசல் வழியாக ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. எதிரே சைக்கிளில் வந்தவர் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்.

படத்தை வைகையில் விட்டுவிட்டு வரச் சொல்லித்தான் முதலாளி அனுப்பியிருந்தார். "தண்ணி இல்லாட்டி மணல்ல வச்சுட்டு வா. அதக் கையில வச்சுக்கிட்டு மட்டும் கடைக்கு வராத மாப்ள." கீழே எட்டிப் பார்த்தேன். மணலில் மாடுகள் படுத்திருந்தன. நான் நிற்காமல் கோரிப்பாளையம் பக்கம் நடந்தேன். அத்தோடு கடை வேலை போயிற்று.

சிம்மக்கல்லில் இருந்த அந்தக் கடையில் இறந்தவர்களை போட்டோ பார்த்துப் பலகையில் வரைந்து கொடுப்போம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, சுவரில் விளம்பரம் எழுதிப் பழகிய கை என்னுடையது. முகம் வரைய அங்கேதான் கற்றுக்கொண்டேன். முதலாளி காலையில் கடை திறந்ததும் முகத்துக்கான நிறத்தை ஒரு டப்பாவில் கலந்து வைத்துவிடுவார். சந்தனத்தில் கொஞ்சம் ரோஜா கலந்தது போல இருக்கும். அன்றைக்கு வருகிற செத்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே டப்பாதான். "உசுரோட இருந்தப்ப வெயில்ல கெடந்தாக. செத்த பெறகாவது வெளுக்கட்டும்யா" என்பார். அவரும் கறுப்பு, நானும் கறுப்பு. ஒருவரும் வந்து குறை சொன்னதில்லை.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். பூக்கட்டி விற்கிறவர். அம்மா செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. இருந்த ஒரே போட்டோ வாக்காளர் அட்டையில் இருந்தது. அதில் வெள்ளை முந்தானைக்குள் ஒரு கறுப்புத் திட்டு, இரண்டு கண், அவ்வளவுதான்.

"மூஞ்சியே தெரியலையேக்கா" என்றேன்.

"எல்லாரும் நான் எங்கம்மா மாதிரின்னுதான் சொல்லுவாக. என்னயப் பாத்து வரைங்கண்ணே. நெறமும் இதே நெறந்தான்." கையை நீட்டிக் காட்டினார்.

வாசல் வெளிச்சத்தில் அவரை உட்காரவைத்து வரைந்தேன். கறுத்த முகத்தைக் கறுப்பு பெயிண்டில் வரைய முடியாது. வரைந்தால் பலகையில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். காவி, நீலம், கொஞ்சம் சிவப்பு என்று தனி டப்பாவில் கலந்து கலந்து அவர் கையோடு வைத்துப் பார்த்தேன். கன்னத்து மேட்டில் வெளிச்சம் படும் இடம் லேசான நீலமாக வந்தது. அதுவரை அங்கே இல்லாத யாரோ வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

படம் வாங்க வருகிறவர்கள் கடையிலேயே அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுத்தான் எடுத்துப் போவார்கள். அக்கா பொட்டு வைத்துவிட்டு, பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். வண்டியை நிறுத்திவிட்டு அப்போதுதான் அவருடைய தம்பி உள்ளே வந்தார்.

"என்னண்ணே, எங்கம்மாவ இப்படிக் கரிக்கட்டையா வரைஞ்சு வச்சிருக்கீங்க?"

"அம்மா வேற எப்படிடா இருந்தாக?" என்றார் அக்கா.

"இருந்தாக. அதுக்காகச் செவுத்துல மாட்டணுமா? அடுத்த மாசம் பொண்ணு வீட்ல வாராக. இதப் பாத்தா, பொறக்கப் போற பிள்ளைக எந்த நெறம்னு வாசல்லயே பேச ஆரம்பிச்சிருவாக."

"அதுக்கு உன் மூஞ்சியே போதும். படம் எதுக்கு?"

கடையே சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. அவர் பேசிய நேரமெல்லாம் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார்.

"அது மேலயே கொஞ்சம் வெளுத்துக் குடுங்கண்ணே" என்று முதலாளியிடம் கேட்டார்.

"பொட்டு வச்ச படத்துல பிரஷ் வைக்க மாட்டேன்யா. செத்தவுகள ரெண்டாந்தடவ சாகடிக்கச் சொல்றியா? வேற பலகையில போட்டுத் தாரேன்."

அவரே வரைந்தார். சேலை, மூக்குத்தி, தொங்கும் காது எல்லாம் என் படத்தில் இருந்தபடியே. நிறம் மட்டும் அந்த டப்பா. காரியத்துக்கு முந்தின நாள் வந்து வாங்கிக்கொண்டார்கள். "இது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார் அக்கா. அவர் பொட்டு வைக்கவில்லை. தம்பிதான் வைத்தார்.

கிளம்பும்போது அக்கா என்னிடம் வந்தார். "என் மாமியா வீட்ல பெறந்த வீட்டுச் சாவ மாட்ட விடமாட்டாக. அம்மாவ எங்கயாச்சும் வச்சிருங்கண்ணே. வெள்ளிக்கிழமை விடியல்ல மாட்டுத்தாவணிக்குப் பூ வாங்க வருவேன். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன்."

அதன் பிறகு கடையில் அந்தப் படத்தின் பக்கத்தில் உட்கார ஒருவருக்கும் மனம் வரவில்லை. சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். திருப்பி வைத்தது இன்னும் மோசமாக இருந்தது. யாரோ கோபித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. அதனால்தான் ஆற்றுக்கு அனுப்பினார் முதலாளி.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் படத்தைப் பக்கத்தில் சாய்த்துவைத்துப் படுத்தேன். கூட்டம் நெரிந்தபோதும் எங்கள் பெஞ்சில் யாரும் வந்து உட்காரவில்லை. கண்ணை மூடினால் நான் கலந்த நிறம்தான் தெரிந்தது. திறந்தால் பஸ் ஜன்னல்களில் எல்லாம் அந்த அம்மா. முதலாளி வரைந்தவளை நான் இன்றுவரை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. இவளைப் பார்க்காத நாள் கிடையாது.

காலையில் பூ மார்க்கெட்டில் ஒரு மொத்தக் கடைக்காரரிடம் மூட்டை இறக்க ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணும். அதென்ன கையில?"

படத்தைக் காட்டினேன். இங்கே மாட்டிக்கொள்ளலாமா என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"அம்மாவா?"

"ஆமாண்ணே."

"உனக்கு வேலை, அம்மாவுக்கு ஒரு ஆணி. அம்புட்டுத்தான?"

ஆணியை அவரே அடித்தார். வாசலில் நின்று பூ வாங்குகிறவர்களுக்கு நேரே தெரிகிற இடம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனிலிருந்து முதல் சம்பங்கி மூட்டையை முதுகில் வாங்கினேன்.